"டிஸ்க் போச்சு சார்!"

நம் வயதுக்காரர்கள் கணினியைத் தூக்கிக்கொண்டு பழுது பார்க்கும் கடைக்குப் போனால், பத்து நிமிடத்தில் காதில் விழும் வாக்கியம் இது. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இதைக் கேட்காத ஓய்வூதியக்காரர் குறைவு. அடுத்த வாக்கியமும் தயாராக இருக்கும்: "ஃபார்மட் பண்ணிடலாமா?" வேண்டாம் என்றால் மூன்றாவது வாக்கியம்: "அப்போ புது டிஸ்க்தான் போடணும். பழைய டேட்டா வராது."

இந்த மூன்று வாக்கியங்களின் மேல் எனக்குக் கோபம். பல நேரங்களில் டிஸ்க் எங்கும் போயிருக்காது. அது நல்லபடியாகத்தான் இருக்கும். அதோடு பேச வேண்டிய மென்பொருள்தான் வந்திருக்காது. அதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் செலவழிக்க மனமில்லாமல், இருபது வருடத்துப் புகைப்படங்களையும் கடிதங்களையும் அழித்துவிடுகிறார்கள். விசாரணை இல்லாமல் தூக்குத் தண்டனை கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கணினி எனக்குத் தொழில் இல்லை. அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கோப்புகளோடு காலம் தள்ளியவன். ஆனால் இந்தப் பிரச்சினையைப் புரிந்துகொள்ள இன்ஜினியரிங் பட்டம் வேண்டாம். எங்கள் ஊர்க் கதை ஒன்றே போதும்.

நான் பிறந்து, பிரெஞ்சு வழியில் படித்து வளர்ந்தது புதுச்சேரியில். அங்கே பதினெட்டாம் நூற்றாண்டில் கவர்னராக இருந்த துய்ப்ளேக்ஸுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்தார். நாட்குறிப்பு எழுதி வைத்தாரே, அவரேதான். இரண்டு மொழி தெரிந்தவர் துபாஷி. கவர்னருக்குத் தமிழ் வணிகர்களோடு பேச வேண்டுமானால் நடுவில் அவர் வேண்டும். ஒரு நாள் துபாஷி வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வணிகர் சொல்வது கவர்னருக்குப் புரியாது. அதற்காக வணிகரின் கிடங்கில் சரக்கே இல்லை என்று எழுதி, கிடங்கை இடித்துவிடுவார்களா?

கணினிக்குள் நடப்பதும் இதுதான். டிஸ்க்தான் கிடங்கு. கிடங்கு வாசலில் ஸ்டோரேஜ் கண்ட்ரோலர் என்று ஒரு சில்லு உட்கார்ந்திருக்கிறது. எந்தச் சரக்கு கேட்டாலும் அதன் வழியாகத்தான் வர வேண்டும். கேட்பது கெர்னல். விண்டோஸானாலும் லினக்ஸானாலும் நடுநாயகமாக இருந்து எல்லா வேலையையும் ஏவுவது அதுதான். கெர்னலுக்கும் கண்ட்ரோலருக்கும் இடையில் நிற்கும் துபாஷிக்கு டிரைவர் என்று பெயர். கண்ட்ரோலர் மாறினால் அதற்கேற்ற டிரைவர் வேண்டும். டிரைவர் இல்லையென்றால் கெர்னலுக்கு டிஸ்க் இருப்பதே தெரியாது.

இதில் ஒரு விசித்திரச் சிக்கலும் உண்டு. டிரைவரும் ஒரு கோப்புதானே, அது எங்கே இருக்கும்? டிஸ்க்கில்தான். டிஸ்க்கைப் படிக்க டிரைவர் வேண்டும், டிரைவரை எடுக்க டிஸ்க்கைப் படிக்க வேண்டும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. இதைச் சமாளிக்க, கணினி எழுந்திருக்கும்போதே தேவையான டிரைவர்களை ஒரு சிறிய மூட்டையாகக் கட்டி முன்கூட்டியே கையில் கொடுத்துவிடுவது லினக்ஸின் வழக்கம். விண்டோஸில், துவக்கத்திலேயே வேண்டிய டிரைவர்களுக்கு அப்படி ஒரு குறி போட்டு வைத்திருப்பார்கள். மூட்டையில் சரியான டிரைவர் இல்லையென்றாலோ, குறி விட்டுப்போனாலோ, கெர்னல் பாதி வழியில் நின்றுவிடும். விண்டோஸில் நீலத்திரை வரும். துவக்க டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று சொல்லும். பழைய ஆட்களுக்கு 7பி என்ற எண் நினைவிருக்கலாம்.

"அணுக முடியவில்லை" என்பதைக் கவனியுங்கள். செத்துவிட்டது என்று அது சொல்லவில்லை. எங்கள் அலுவலகத்தில் "கோப்பு கிடைக்கவில்லை" என்று யாரும் சும்மா எழுதிவிட முடியாது. பதிவறையில் தேடினீர்களா, எந்த அலமாரி, பதிவேட்டில் என்ன பதிவு, யார் கடைசியாக வாங்கிப் போனது என்று மேலதிகாரி வரிசையாகக் கேட்பார். பதிவறை எழுத்தர் அன்று விடுப்பு என்பதற்காகக் கோப்பு எரிந்துபோயிற்று என்று குறிப்பு வைத்தால், வைத்தவருக்கு மெமோ வரும். நிரந்தரமாகக் காக்க வேண்டிய ஆர்.டிஸ். கோப்பை ஒரே வருடத்தில் அழிக்கும் எல்.டிஸ். கட்டில் போட்டால் என்ன ஆகும் என்று நம் பழைய சகாக்களுக்குத் தெரியும். கணினிக் கடைகளில் இந்தக் குற்றம் தினசரி நடக்கிறது, மெமோ கொடுக்கத்தான் ஆள் இல்லை.

இது நேற்று முளைத்த வியாதியும் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தை நினைத்துப் பாருங்கள். அது வந்தது 2001இல். பிறகு வந்த கணினிகளில் ஏ.எச்.சி.ஐ. என்ற புதிய முறையில் வேலை செய்யும் கண்ட்ரோலர்கள் வந்தன. எக்ஸ்பியின் நிறுவல் தட்டில் அதற்கான டிரைவர் கிடையாது. நிறுவல் தொடங்கும்போது எஃப் 6 விசையை அழுத்தி, ஃபிளாப்பியிலிருந்து டிரைவரைக் கொடுக்க வேண்டும். புதிய கணினிகளிலோ ஃபிளாப்பி நுழைக்க இடமே இல்லை! விவரம் தெரிந்தவர்கள் பயாஸுக்குள் போய் கண்ட்ரோலரைப் பழைய ஐ.டி.இ. முறைக்கு மாற்றி வேலையை முடித்தார்கள். தெரியாதவர்கள் அன்றைக்கும் சொன்னது, "டிஸ்க் போச்சு."

இப்போது அதே வியாதி வேறு பெயரில் வந்திருக்கிறது. இன்டெல்லின் 11ஆம் தலைமுறைச் சில்லுகள் 2020இல் வந்தன. அதிலிருந்து பல மடிக்கணினிகளில் வி.எம்.டி. என்ற ஏற்பாடு முன்கூட்டியே இயக்கப்பட்டு வருகிறது. இந்த ஏற்பாட்டில் டிஸ்க் நேரடியாகத் தெரியாது, ஒரு திரைக்குப் பின்னால் இருக்கும். திரையை விலக்க இன்டெல்லின் டிரைவர் வேண்டும். விண்டோஸ் நிறுவும் பென்டிரைவில் அது பல நேரம் இருப்பதில்லை. நிறுவல் திரையில் இரண்டு வரிகள் வரும். எந்த டிஸ்க்கும் கிடைக்கவில்லை என்பது முதல் வரி. சேமிப்பு டிரைவரைக் கொடுக்க 'லோடு டிரைவர்' என்பதை அழுத்துங்கள் என்பது இரண்டாவது வரி.

நம் கடைக்காரத் தம்பி முதல் வரியைப் படிப்பார். இரண்டாவது வரியைப் படிக்க மாட்டார். மனுவின் முதல் வரியைப் படித்துவிட்டு "நிராகரிக்கப்பட்டது" என்று முத்திரை குத்தும் எழுத்தரை நான் என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். அவருக்கும் இவருக்கும் ஒரே குணம். அந்த டிரைவர் இன்டெல்லின் தளத்திலும் மடிக்கணினி நிறுவனங்களின் தளங்களிலும் இலவசமாகக் கிடைக்கிறது. இறக்கி, விரித்து, பென்டிரைவில் வைத்துக் காட்டினால் டிஸ்க் தானாகத் தலைகாட்டும்.

லினக்ஸ் இந்த விஷயத்தில் இன்னும் வெளிப்படை. முந்தைய தலைமுறை இன்டெல் கணினிகள் சிலவற்றில், ரெய்டு என்ற முறை என்.வி.எம்.இ. டிஸ்க்கை வேறொரு முகவரியில் ஒளித்து வைத்திருக்கும். அந்தக் கணினியில் லினக்ஸை ஏற்றிப் பார்த்தால், கெர்னல் தன் குறிப்பேட்டில் எழுதி வைக்கும்: இடம் மாற்றி வைக்கப்பட்ட டிஸ்க் ஒன்று இருக்கிறது, அது வேண்டுமானால் பயாஸில் ரெய்டிலிருந்து ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்றுங்கள். நோயும் மருந்தும் ஒரே குறிப்பில்! இதற்கு மேல் ஒரு இயந்திரம் என்னதான் சொல்ல வேண்டும்? அந்தக் குறிப்பேட்டைப் பார்க்க ஒரே ஒரு கட்டளை போதும். பார்ப்பவர் எத்தனை பேர்?

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மனைவி காலமாகி நான்கு வருடம் ஆகிறது. அந்த அம்மாள் மார்கழி மாதங்களில் வீட்டுக் கூடத்தில் பாடியதைக் கைபேசியில் பதிவு செய்து மடிக்கணினியில் சேர்த்து வைத்திருந்தார். வேறெங்கும் பிரதி இல்லை. ஒரு நாள் மடிக்கணினி எழுந்திருக்கவில்லை. ஒன்றாம் நம்பர் பஸ் ஏறித் திருச்சிக்குப் போய் ஒரு கடையில் கொடுத்தார். மறுநாள் தொலைபேசியில் தகவல்: "டிஸ்க் போச்சு சார். எல்லாம் சரி பண்ணியாச்சு, வந்து எடுத்துக்குங்க."

பில்லை நான் பார்த்தேன். விண்டோஸ் நிறுவக் கூலி மட்டும் இருந்தது. புதிய டிஸ்க் வாங்கியதாக ஒரு வரிகூட இல்லை. அதாவது, 'போன' டிஸ்க்கிலேயே புதிய விண்டோஸைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த டிஸ்க் இன்று வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. செத்துப்போன டிஸ்க் எப்படி ஐயா ஓடுகிறது? நிறுவல் திரையில் டிஸ்க் தெரியவில்லை. பயாஸில் முறையை மாற்றியதும் தெரிந்திருக்கிறது. தெரிந்த உடனே அழித்துவிட்டார்கள். முதலில் பாட்டுகளைப் பிரதி எடுத்துவிட்டு அழித்திருந்தால் அரை மணி கூடுதலாக ஆகியிருக்கும். அந்த அரை மணிக்காக ஒரு மனிதர் தன் மனைவியின் குரலை இரண்டாவது முறையாக இழந்தார்.

"எஸ்.எஸ்.டி. டிஸ்க்கில் அழித்ததை மீட்பது கஷ்டம்" என்று பிறகு விசாரித்தபோது சொன்னார்கள். உண்மைதான். அதனால்தானே அழிப்பதற்கு முன்னால் யோசிக்க வேண்டும்?

இன்னொன்று தில்லைநகரில். எங்கள் உறவுக்கார அம்மா ஒருவரின் மேசைக் கணினி ஒரு நாள் நீலத்திரை காட்டியது. இதே தீர்ப்பைத்தான் அவருக்கும் சொன்னார்கள். அவர் கடையில் விடாமல் திருப்பி எடுத்து வந்துவிட்டார். பக்கத்து வீட்டில் கல்லூரியில் படிக்கும் பையன் வந்து பார்த்தான். அவன் கண்ணில் முதலில் பட்டது கடிகாரம். கணினி பல வருடங்களுக்கு முந்தைய தேதியைக் காட்டிக்கொண்டிருந்தது. தாய்ப்பலகையில் சி.ஆர். 2032 என்று காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். அது தீர்ந்துபோனால் தேதி மட்டும் மறப்பதில்லை, பயாஸில் நாம் வைத்த அமைப்புகளும் மறந்து தொழிற்சாலையில் வைத்த நிலைக்குத் திரும்பிவிடும். கண்ட்ரோலரின் முறையும் அப்படியே மாறியிருந்தது. பேட்டரியை மாற்றி, முறையைப் பழையபடி ஏ.எச்.சி.ஐ. என்று வைத்தான். கணினி எழுந்தது. அந்த அம்மா, "தம்பி, இதுக்கா டிஸ்க்கை மாத்தணும்னாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் கடைக்காரர்கள்.

பிரெஞ்சில் 'பான்' என்று ஒரு சொல் உண்டு. வண்டியோ இயந்திரமோ ஓடாமல் நின்றுபோன நிலைக்கு அந்தப் பெயர். சாவு என்பதற்கு வேறு சொல். நின்றதை ஓட வைக்கிறவருக்கு 'தெபனேர்' என்று பெயர், அந்த நிலையிலிருந்து வெளியே கொண்டுவருபவர் என்று பொருள். தமிழிலும் நமக்குப் 'பழுது' என்ற அருமையான சொல் இருக்கிறது. பழுது பார்ப்பவர் என்றால் முதலில் பழுது என்னவென்று பார்க்க வேண்டும். பார்க்காமலே தூக்கிப்போடச் சொல்பவருக்கு அந்தப் பெயர் எதற்கு?

கடைக்காரர்கள் தரப்பில் ஒரு வாதம் இருக்கிறது. "சோதிச்சுப் பார்க்க ஆகிற நேரத்துக்கு யார் சார் காசு குடுக்கிறாங்க? ஃபார்மட்டுன்னா ஐந்நூறு குடுப்பாங்க. பேட்டரி மாத்தி சரியாச்சுன்னா ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுவாங்க." இதில் நியாயம் இருக்கிறது. டாக்டருக்குப் பரிசோதனைக் கட்டணம் கொடுக்கும் நாம் இங்கேயும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் கட்டணம் இதுதான் என்று அவர்கள் முன்னாலேயே சொல்லட்டும். பரிசோதனைக்குக் காசு வராது என்பதற்காகக் காய்ச்சலுக்குக் காலை வெட்டுகிற டாக்டரை நாம் ஒப்புக்கொள்வோமா?

சில டிஸ்க்குகள் உண்மையிலேயே சாகின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய சுழலும் டிஸ்க்கில் டக், டக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். பயாஸில் எந்த முறையை வைத்தாலும், வேறு கணினியில் மாட்டினாலும் தெரியாவிட்டால் சந்தேகப்படலாம். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையையும் பார்க்கலாம். இதையெல்லாம் பார்த்த பிறகு ஒருவர் "போச்சு" என்றால் நான் தலை வணங்குகிறேன்.

தயாரிப்பாளர்களையும் சும்மா விடக் கூடாது. 2016இல் லெனோவோ நிறுவனத்தின் யோகா 900 வகை மடிக்கணினி ஒன்றில், ஏ.எச்.சி.ஐ. முறையைத் தேர்ந்தெடுக்கும் வசதியே பயாஸில் இல்லாமல் வந்தது. லினக்ஸ் போட நினைத்தவர்களுக்கு டிஸ்க்கே தெரியவில்லை. பெரிய கூச்சல் எழுந்த பிறகுதான் அந்த வசதியோடு புதிய பயாஸைக் கொடுத்தார்கள். லினக்ஸ் தரப்பும் முழு உத்தமர்கள் இல்லை. 2019இல் வந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8, பழைய 3வேர் அட்டைகளுக்கும் எல்.எஸ்.ஐ.யின் பழைய சாஸ் கண்ட்ரோலர்கள் சிலவற்றுக்கும் உரிய டிரைவர்களைக் கைவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த சர்வர்களில் புதிய பதிப்பைப் போட்டால் டிஸ்க் தெரியாது. எல்ரெப்போ என்ற தன்னார்வலர் குழு அந்த டிரைவர்களைத் தனியே கட்டிக் கொடுத்துக் காப்பாற்றியது. மூலநிரல் எல்லோர் கையிலும் இருந்ததால் அது முடிந்தது. மூடி வைத்த டிரைவருக்கு அந்தக் கதியும் இல்லை.

பிரான்சில் 2021 ஜனவரி முதல் மடிக்கணினி போன்ற பொருள்களை விற்கும்போது, எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டுக் காட்ட வேண்டும். நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு இணையதளம் தொடங்கியது. நல்லது. ஆனால் தளம் டெல்லியில் இருக்கிறது, 'டிஸ்க் போச்சு' நம் தெருவில் இருக்கிறது.

ஏன் இதை இப்போது எழுதுகிறேன்? 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. "புதுசு போடணும்" என்று நம்மில் பலர் கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறோம். நிறுவல் திரையில் அந்த இரண்டு வரிகள் இன்னும் பலருக்கு வரப்போகின்றன. ஆகவே, கடையில் கணினியைக் கொடுப்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்.

ஒன்று: பயாஸில் டிஸ்க் தெரிகிறதா? அங்கே அதன் பெயர் வந்தால் அது உயிரோடிருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டு: கண்ட்ரோலர் இப்போது எந்த முறையில் இருக்கிறது, ஏ.எச்.சி.ஐ.யா, ரெய்டா, வி.எம்.டி.யா? முன்பு எதில் இருந்தது? மாற்றுவதற்கு முன் திரையைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு டிஸ்க்குகளை உண்மையாகவே ரெய்டாக இணைத்திருந்தால் கை வைக்கவே கூடாது.

மூன்று: பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா? பயாஸில் அமைப்பை மாற்றினால் அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அந்த எண்ணை இன்றைக்கே தேடி எடுத்து, ஓய்வூதியப் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு: பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றி, டிஸ்க் தெரிகிறதா, கெர்னல் குறிப்பேடு என்ன சொல்கிறது என்று பார்த்தார்களா? தெரிந்தால் முதல் வேலை பிரதி எடுப்பது.

ஐந்து: இவ்வளவுக்குப் பிறகும் அழிக்கத்தான் வேண்டும் என்றால், என்ன சோதித்தோம், ஏன் அழிக்கிறோம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பழுது பார்ப்பது காசு வாங்கிச் செய்யும் சேவை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 அதற்கும் பொருந்தும்.

ஐந்தாவதைக் கேட்ட உடனே முகம் சுளிக்கிற கடையில் கணினியைக் கொடுக்காதீர்கள். எழுத்தில் வைக்கத் துணிவில்லாத தீர்ப்பை ஏற்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. வயதானவர்களுக்கு என்ன தெரியும் என்ற எண்ணத்தில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. திரையில் இரண்டு வரி வரும், இரண்டாவது வரியையும் படியுங்கள் என்று சொல்லும் அளவுக்காவது நமக்குத் தெரியும் என்று காட்டுவோம்.